பாடவழி முதுகலையா, ஆய்வுவழி முதுகலையா, நேராக பிஎச்டியா?

யோசனை கேட்க வந்தவள் கையோடு ஒரு எக்செல் கோப்பும் கொண்டுவந்திருந்தாள். சூழலியலில் இளங்கலை, கடைசி செமஸ்டர். மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்றில் ஓராண்டுப் பாடவழி முதுகலை. இன்னொன்றில் இரண்டாண்டு ஆய்வுவழி முதுகலை. மூன்றாவதில் முதுகலையே இல்லாமல் நேராக பிஎச்டி. தரவரிசை, கட்டணம், உதவித்தொகை, நூலகம், வேலைவாய்ப்பு என்று பதினொரு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்துக் கூட்டியிருந்தாள். 71, 73, 72. "இதை வெச்சு என்னண்ணா முடிவு பண்றது?" என்றாள்.

பன்னிரண்டாவதாக ஒரு தலைப்பு சேர்க்கச் சொன்னேன்: பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்?

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. சேரும் முன்பே நிற்பதைப் பற்றியா பேசுவது? பேசத்தான் வேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் மாணவனாகவும் அப்புறம் ஆசிரியனாகவும் இத்தனை வருஷம் இருந்து பார்த்ததில், ஒரு படிப்புக்கும் இன்னொரு படிப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்வியில்தான் பளிச்சென்று தெரிகிறது. பிராஸ்பெக்டஸ் அட்டையில் எல்லாப் படிப்பும் ஒரே மாதிரிதான் சிரிக்கும். விடை இருக்கும் இடம் வேறு. இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் எண்பது நூறு பக்கத்துக்கு ரெகுலேஷன்ஸ் என்று ஒரு பிடிஎஃப் கிடக்கும். அதை வாசித்து அந்த ஒரு தலைப்பை நிரப்ப அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் பேசியதையும், பேச விட்டுப்போனதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஓராண்டுப் பாடவழி

பாடவழிப் படிப்பை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால் சட்டென்று புரியும். ஐரோப்பாவில் 1999ல் 29 நாடுகள் இத்தாலியின் போலோன்யா நகரில் கையெழுத்திட்ட பிறகு, பட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஈசிடிஎஸ் என்ற கிரெடிட் கணக்கு எங்கும் பரவியது. ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனின் அளவுகோல் வேறு. அங்கே ஒரு கிரெடிட் என்பது 10 மணி, முதுகலைக்கு 180 கிரெடிட். அமெரிக்காவில் வகுப்பில் ஒரு மணி என்றால் வெளியே இரண்டு மணி படிக்க வேண்டும் என்று கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்று வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்தை விழுங்கும். அப்படி நான்கு பாடம் எடுத்தால் 36 மணி. மாலையில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்தப் பெருக்கலை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

பிரிட்டன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 180ல் வழக்கமாக 60 கிரெடிட் டிசர்டேஷன் என்ற ஆய்வேட்டுக்குப் போகும். அதாவது 600 மணி. வாரம் 40 மணி உழைத்தால் 15 வாரம். மூன்றரை மாதத்துக்குள் கேள்வியைப் பிடித்து, தரவு திரட்டி, அலசி, எழுதி, பக்க எண் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பக்கத்துத் துறையில் ஒரு மாணவர் பள்ளிப் பிள்ளைகளிடம் நேர்காணல் எடுக்க ஆசைப்பட்டார். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு, ஆகவே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். முதல் தடவை படிவம் திரும்பி வந்தது: பெற்றோருக்கான ஒப்புதல் தாள் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் அவர்களுக்கென்று தனித் தாள் எங்கே? திருத்திக் கொடுத்தார். மறுபடியும் வந்தது: ஒலிப்பதிவுகளை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள்? அனுமதி கைக்கு வந்தபோது 15 வாரத்தில் ஒன்பது போயிருந்தது. கடைசியில் ஏற்கெனவே வெளியான தரவை வைத்து எழுதி முடித்தார். குழுவைக் குறை சொல்ல மாட்டேன். 1947ன் நியூரம்பர்க் நெறிகள், 1964ன் ஹெல்சிங்கி பிரகடனம், 1979ன் பெல்மான்ட் அறிக்கை என்று, மனிதர்களை ஆய்வின் பெயரால் பாடுபடுத்திய வரலாறு மொத்தமும் அந்தப் படிவத்தின் பின்னால் நிற்கிறது. அதை 15 வாரத்துக்குள் திணிக்கப் பார்த்ததுதான் தப்பு. ஆகவே, "ஆராய்ச்சி எப்படி இருக்கும்னு தொட்டுப் பார்க்கலாம்" என்று ஓராண்டுப் படிப்பில் சேர்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உன் தரவு ஏற்கெனவே எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால் தாராளமாகப் போ. புதிதாகத் திரட்ட வேண்டுமென்றால் யோசி.

வெளியேறும் வாசலைப் பொறுத்தவரை மூன்றிலும் தாராளமானது இதுதான். பிரிட்டன் முறையில் 60 கிரெடிட் முடித்து நின்றால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்து நின்றால் முதுநிலை டிப்ளமா. பிப்ரவரியில் குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பினாலும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. துறை மாறுகிறவர்களுக்கும் இதுவே தோது. இயற்பியல் படித்துவிட்டுப் பொதுச் சுகாதாரத்துக்கு வருகிறவர்கள் நேராக ஆய்வில் இறங்கினால், முதல் ஆறு மாதம் துறையின் சொற்களைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும்.

ஒரு பொறி உண்டு. விருப்பப் பாடங்களின் பட்டியல். மாணவர்களே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை, 1869ல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட் நாற்பது வருஷம் விடாப்பிடியாக நின்று நிலைநாட்டினார். கையேட்டில் நீளமான பட்டியல் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஆசிரியர் விடுப்பில் போனால் அவர் பாடம் அந்த ஆண்டு கிடையாது. போதிய பேர் சேராவிட்டாலும் கிடையாது. நீங்கள் ஆசைப்பட்ட இரண்டு பாடங்கள் செவ்வாய்க்கிழமை காலை ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொள்ளும். இரண்டாண்டுப் படிப்பென்றால் அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டில் அடுத்த வருஷம் ஏது? பட்டியலை விட்டுவிட்டு, கடைசி இரண்டு ஆண்டின் உண்மையான கால அட்டவணையைக் கேளுங்கள்.

இரண்டாண்டு ஆய்வுவழி

இதற்குப் பெயர் இடத்துக்கு இடம் மாறும். எம்ஃபில் என்பார்கள், எம்ரெஸ் என்பார்கள், எம்எஸ் பை ரிசர்ச் என்பார்கள். பாடம் தொட்டுக்கொள்ள மட்டும் இருந்து, ஆய்வேடுதான் பட்டத்தைத் தீர்மானிக்கும் என்கிற வகையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதுகலை ஆய்வேடுதானே என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் கிளாட் ஷானனை இழுப்பது வழக்கம். 1937ல், 21 வயதில், எம்ஐடியில் அவர் கொடுத்த முதுகலை ஆய்வேடு, ரிலே சுவிட்சுகளால் ஆன சுற்றுகளை பூலியன் இயற்கணிதத்தில் எழுதிவிடலாம் என்று காட்டியது. டிஜிட்டல் சுற்று வடிவமைப்பு அங்கிருந்து கிளம்பியது. எல்லாரும் ஷானன் ஆக முடியாது, சரி. ஆனால் இரண்டு ஆண்டு, ஒரே கேள்வி, கைக்கு அடக்கமான அளவு என்பது நல்ல சேர்க்கை. முதல் ஆறு மாதம் தப்பான கேள்வியோடு சுற்றினாலும் திரும்பி வர நேரம் இருக்கும். நெறிமுறைக் குழுவிடம் இரண்டு தடவை அடி வாங்கிக்கொண்டும் முடிக்கலாம். இருக்கும் வழிகளில், தனக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாவது தலைப்பில்தான் இது சறுக்குகிறது. பாடம் பேருக்கு மட்டும் இருப்பதால் சான்றிதழுக்குப் போதிய கிரெடிட் சேர்வதில்லை. பதினான்காம் மாதத்தில் நிற்க நேர்ந்தால் சான்றிதழும் இல்லை, டிப்ளமாவும் இல்லை. நோட்டுப் புத்தகம் மட்டும் மிஞ்சும். ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பல இடங்களில் விதி அவ்வளவு மொட்டையாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், பெயருக்கு இருக்கும் மதிப்பு. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்டிக்கு வருகிறவரை முதலில் எம்ஃபில்லில் பதிந்துகொண்டு, ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு அறிக்கையையும் நேர்காணலையும் வைத்து பிஎச்டிக்கு ஏற்றிவிடுகின்றன. ஏறாதவருக்கு எம்ஃபில்லோடு முடியும். இதனால் எம்ஃபில் என்றாலே தோற்றவருக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு என்ற எண்ணம் சிலரிடம் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பல்கலைக்கழகத்தில் அதே பெயர் கடினமான தனிப் பட்டம். இந்தியாவிலோ 2022ல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள் எம்ஃபில்லையே நிறுத்திவிட்டன. ஒரு நாட்டில் வாங்கிய பட்டத்தை இன்னொரு நாட்டில் நீட்டப் போகிறவர்கள், அங்கே அதற்கு என்ன பெயர் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த வகையை எடுப்பதாக இருந்தால் கேட்க வேண்டியது இது: இதிலிருந்து பிஎச்டிக்கு ஏற விதி இருக்கிறதா, கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பேர் ஏறினார்கள்? விதி இருக்கும், ஏறியவர் யாரும் இருக்க மாட்டார் என்ற துறைகளும் உண்டு.

நேராக பிஎச்டி

இந்தப் படிப்பின் நீளம் நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்பதற்குப் பின்னால் ஒரு பழைய கதை. கற்பித்தலும் ஆய்வும் ஒன்றாக நடக்க வேண்டும் என்ற வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட்டின் எண்ணத்தோடு பெர்லின் பல்கலைக்கழகம் 1810ல் பிறந்தது. ஆய்வுப் பட்டம் வேண்டிய அமெரிக்கர்கள் கப்பலேறி ஜெர்மனிக்குப் போனார்கள். 1861ல் யேல் அமெரிக்காவின் முதல் பிஎச்டிகளைக் கொடுத்தது. 1876ல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஜெர்மன் மாதிரியையே தன் அச்சாக வைத்துக்கொண்டது. பிரிட்டன் ரொம்பவும் பிந்தி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு டிஃபில் (அங்கே பிஎச்டிக்கு அதுதான் பெயர்) பட்டத்தை ஏற்றுக்கொண்டது 1917ல்தான். ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களைத் தன் பக்கம் திருப்பும் எண்ணமும் அதில் இருந்தது. ஆளாளுக்கு ஒரு காலத்தில், ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு கட்டிய வீடுகள். அதனால் படிக்கட்டு ஒரே மாதிரி இருக்காது.

அமெரிக்கா இளங்கலை முடித்தவரை நேராக எடுத்து, ஓரிரண்டு ஆண்டு பாடம் நடத்தி, தகுதித் தேர்வு வைத்து, அப்புறம் ஆய்வுக்கு அனுப்புகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதி முதுகலை முடித்தவரை எடுத்து முதல் நாளே ஆய்வில் இறக்குகிறது. இந்தியாவில் 2022 விதிமுறைப்படி நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு இருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு.

அமெரிக்க வகைக்கு ஒரு நல்ல பின்வாசல் உண்டு. பாடங்களை முடித்த கட்டத்தில் பல பல்கலைக்கழகங்கள் வழியிலேயே ஒரு முதுகலைப் பட்டத்தைக் கொடுத்துவிடும். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் பிஎச்டி மாணவர்கள். இருவரும் அதை முடிக்கவில்லை, ஆனால் இருவர் கையிலும் முதுகலை இருந்தது. எல்லாரும் கூகுள் தொடங்குவதற்காக வெளியேறுவதில்லை. சோர்ந்துபோய், மனம் மாறி, கல்யாணமாகி, கைடோடு ஒத்துவராமல் வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அந்த இடைப்பட்டம் பெரிய ஆறுதல். ஒன்று கவனியுங்கள்: சில இடங்களில் அது தானாக வராது. தனியே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு கெடு இருக்கும், கெடு போனால் போனதுதான்.

நின்றுவிட்டுத் திரும்பி வரலாமா என்பது அடுத்த கேள்வி. குயீன் இசைக்குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே 1970ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியலில் பிஎச்டி தொடங்கினார். சூரிய மண்டலத்துத் தூசியின் வேகங்கள்தான் ஆய்வுப் பொருள். இடையில் பாட்டு இழுத்துக்கொண்டு போனது. மறுபடியும் பதிவு செய்துகொண்டு 2007ல் பட்டம் வாங்கினார். அவருக்கு அமைந்த அதிர்ஷ்டம் மற்றவர்களுக்கு அமையாது. மரபணுவியலில் முப்பது வருஷம் கழித்து பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்தால் காவலாளிகூட உள்ளே விட மாட்டார். ஆனால் மறுபதிவுக்கு விதி இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்குள் என்று பார்த்துவைப்பதில் நஷ்டமில்லை.

வாழ்க்கைக்கு நேரடியாக உறைக்கும் வித்தியாசம் இன்னொன்று உண்டு: நீங்கள் மாணவரா, ஊழியரா? நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். நோய் விடுப்பு, பேறுகால விடுப்பு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் வேலை ஒப்பந்தத்தோடு வரும். ஸ்வீடனில் நிகர ஆய்வுக் காலம் நான்கு ஆண்டு, 240 கிரெடிட். பாடம் நடத்தினால் அதற்கேற்றபடி நீளும். உதவித்தொகையில் இருக்கும் மாணவருக்கு இதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தயவு. மாதாமாதம் கைக்கு வரும் தொகை சமமாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. முதல் முறை காய்ச்சலில் மூன்று வாரம் படுத்தால் தெரியும்.

வினைச்சொல்லைப் பாருங்கள்

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் கொழுப்பு அமிலங்களை அளப்பது என் பிஎச்டி வேலை. இரண்டாம் ஆண்டு நடுவில் என் கைடுக்கு வேறு பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி கிடைத்தது. ஒரு மதியம் ஆட்கள் வந்து அந்த அமிலங்களை அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவியின் குழாய்களைக் கழற்றி, நுரைத் தாள் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். கருவி வாங்கிய நிதி அவர் பெயரில் வந்தது, ஆகவே கருவியும் அவரோடு போனது. மண் மாதிரிகள் இருந்த ஃப்ரீசர் துறையின் சொத்து. அது நகரவில்லை. இருநூற்றுச் சொச்சம் பைகள் மைனஸ் இருபதில் உறைந்து கிடக்க, அளப்பதற்குக் கருவியில்லாமல் நான் அந்த ஃப்ரீசரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

விதிமுறையைத் தேடி வாசித்தது அப்போதுதான். நெறியாளர் விலகினால் மாற்று நெறியாளரை ஏற்பாடு செய்யத் துறை "முயற்சி எடுக்கும்" என்று இருந்தது. சேரும்போதே வாசித்திருந்தாலும் அதை "ஏற்பாடு செய்யும்" என்றே எடுத்துக்கொண்டிருப்பேன். எட்டு மாதம் முயற்சி எடுத்தார்கள். யாரும் பொல்லாதவர்கள் இல்லை. எழுதியிருந்ததை அப்படியே செய்தார்கள்.

அதிலிருந்து எந்த விதிமுறையை எடுத்தாலும் என் கண் முதலில் வினைச்சொல்லுக்குத்தான் போகும். இது என் தனிப்பட்ட பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கே இருக்கிறது. ரத்தத்தில் எச்ஐவி வைரஸின் அளவைக் கண்டறியும் முறை ஒன்றில் வேலை செய்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர், பல்கலைக்கழகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்பின் உரிமையை "ஒப்படைக்க ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்திட்டிருந்தார். அப்புறம் சீட்டஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வகத்துக்குக் கற்றுக்கொள்ளப் போனபோது, அங்கே நீட்டிய தாளில் "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்" என்று இருந்தது. ஒப்புக்கொள்வது எதிர்காலம், ஒப்படைப்பது இப்போதே. அரசு நிதியில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகங்கள் வைத்துக்கொள்ள வழிசெய்த 1980ன் பே-டோல் சட்டம், உரிமையைத் தானாகப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிடாது. முதல் உரிமை கண்டுபிடித்தவருக்கே என்று 2011ல் தீர்ப்பு வந்தது. சீட்டஸிடமிருந்து அந்தத் தொழிலை வாங்கியிருந்த ரோஷ் நிறுவனம் வென்றது. ஆக, எல்லாம் அந்த வாக்கியத்தில் தொங்கியது.

உங்கள் மூன்று வாய்ப்பிலும் இது வேறு வேறாக விழும். பாடவழியில் வகுப்புக்குச் செய்த புராஜெக்ட் பெரும்பாலும் உங்களுடையது. ஆய்வுவழியில் நிறுவனம் ஒன்றின் நிதி உள்ளே இருந்தால், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஆய்வேட்டையே சில காலம் வெளியிட முடியாமல் போகலாம். பிஎச்டியில், குறிப்பாக ஊழியராக இருந்தால், கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்தின் கைக்குப் போக வாய்ப்பு அதிகம். கூகுள் தேடலுக்கு அடித்தளமான பேஜ்ரேங்க் காப்புரிமைகூட ஸ்டான்ஃபோர்டு பெயரில்தான் இருந்தது. நிறுவனம் அதை உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்தியது. சொந்தமாக ஒரு யோசனையை வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள், சேரும் முன் அதைத் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎச்டிக்குக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் யுஜிசி அந்தக் கட்டாயத்தை 2022ல் எடுத்துவிட்டது, ஆனால் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கலாம். இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) வைத்து ஆளை அளக்காதீர்கள் என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012லேயே சொன்னது. துறை அதில் கையெழுத்திட்டதா என்பதைவிட, அங்கே படிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய விதி ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. காலை வகுப்பில் அனுமதித்தது மாலை வகுப்பில் குற்றமாகலாம். பாடவழியில் பத்துப் பாடம் என்றால் பத்து விதி.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு பற்றியும் அவள் கேட்டாள். தேர்வு முறையை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதே என்றேன், ஆனால் கதை சுவாரசியமானது. பிரிட்டனில் மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு தேர்வாளர்கள். ஸ்வீடனில் ஆய்வேட்டை மூன்று வாரம் முன்பே பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிடும் சடங்கு, அப்புறம் எல்லாரும் பார்க்கப் பொது விவாதம். நெதர்லாந்தில் குறித்த நேரம் முடிந்ததும் கையில் கோலோடு ஒருவர் உள்ளே நுழைந்து "ஹோரா எஸ்ட்" என்பார். நேரமாகிவிட்டது என்று லத்தீனில் அர்த்தம். பதில் பாதியில் இருந்தாலும் அதோடு சரி. எனக்கு அப்படி ஒரு ஆள் வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அப்புறம் என்ன செய்தாள்

என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்க வேண்டியதில்லை. என்ன கேள்வி என்றே தெரியாமல் ஆராய்ச்சி ஆசை மட்டும் இருப்பவருக்குப் பாடவழிதான். கேள்வி இருந்து, தன்மேல் நம்பிக்கை பாதிதான் என்றால் ஆய்வுவழி, அதுவும் பிஎச்டிக்கு ஏறும் விதி உயிரோடு இருக்கும் இடத்தில் மட்டும். நேராக பிஎச்டி என்றால் எனக்கு இரண்டு நிபந்தனை: நடுவில் முதுகலை தருவதாக விதியில் எழுதியிருக்க வேண்டும், உங்கள் கேள்வியை வழிநடத்தக்கூடியவர்கள் அந்தத் துறையில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரே ஒருவரை நம்பி ஐந்து ஆண்டைக் கொடுக்காதீர்கள், அவர் நோபல் வாங்கியவராக இருந்தாலும்.

இவளுக்குப் பாடவழிதான் நல்லது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அவள் மூன்று அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினாள். பாதியில் நின்றால் என்ன கிடைக்கும், கைடு விலகினால் யார் பொறுப்பு, எந்த விதி எண் என்று மூன்றே வரி. பாடவழிப் படிப்பின் அலுவலகம் பிராஸ்பெக்டஸை இணைத்து அனுப்பியது. ஆய்வுவழிப் படிப்பின் அலுவலகத்திலிருந்து பதிலே இல்லை. பிஎச்டி அலுவலகத்திலிருந்து மறுநாளே வந்தது, விதி எண்களோடு: இரண்டாம் ஆண்டு முடிவில் முதுகலை, விண்ணப்பிக்கும் கெடு இன்ன தேதி, நெறியாளர் விலகினால் 60 நாளுக்குள் துறைத் தலைவர் மாற்று ஏற்பாடு "செய்வார்".

போன வாரம் கூப்பிட்டாள். சேரப் போகிறேன் என்றாள். "கருவியெல்லாம் யார் பேர்ல இருக்குன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேண்ணா. துறை பேர்லதானாம். ஃப்ரீசரும்தான்."